வேலுவா, வேலா? டேட்டாபேஸில் தமிழ் உடையும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன்னால் ஊர்ச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியலைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள், முகவரிகள், எல்லாமே தமிழில். பழைய இணையதளத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். டேட்டாபேஸில் இருப்பதையெல்லாம் அப்படியே கொட்டியெடுத்த நகலான டம்ப் கோப்பைத் திறந்தால் அதில் தமிழே இல்லை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', அதன் பக்கத்தில் பதிவு பெற்ற வணிகச் சின்னத்துக்குப் போடுவார்களே, வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்து பக்கத்தையே அடைத்திருந்தது. இந்தக் கோலத்தை முன்பே பார்த்திருக்கிறேன், அவிழ்க்கவும் தெரியும் என்ற தைரியத்தில் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அது 'இந்த எழுத்துக்கு இங்கே இடமில்லை' என்று பாதியில் நின்றது. சரி, இடமில்லாவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போ என்று ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். மளமளவென்று முடித்துவிட்டு, நான் சொன்னபடியே பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதியும் விட்டது.

தமிழ் திரும்பி வந்திருந்தது. ஆனால் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கறுப்பு டைமண்டும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும். உகரக் கொம்பு இருக்க வேண்டிய இடத்திலும் அதேதான். 'முருகன்' என்ற பெயரில் மூன்று இடம் காலி. அகராதி வைத்து, ஊகம் வைத்து, பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிட்டேன். முருகனை யாரும் வேறு மாதிரி எழுத முடியாது. மாட்டிக்கொண்டது சின்னப் பெயர்களில். 'வேல' வரைக்கும் இருக்கிறது, அதற்கு அப்புறம் டைமண்ட். வேலுவா, வேலா? ராஜுவா, இல்லை ராஜ் என்றே வைத்துக்கொண்டவரா? பழைய சர்வருக்கு அந்த வாரத்தோடு சந்தா முடிந்துபோயிருந்தது. கடைசியில் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டு, "ஐயா, 214ஆம் நம்பர் உறுப்பினர் வேலுவா, வேலா?" என்று கேட்கும் நிலைக்கு வந்தேன். "என்ன தம்பி, கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னீங்க, இப்ப எங்கிட்ட கேக்குறீங்க" என்றார். நியாயமான கேள்வி.

ஏன் புள்ளியும் உகரமும் மட்டும்? கெடுவதென்றால் எல்லாம் சேர்ந்தல்லவா கெட வேண்டும்? இதற்குப் பதில் தேடிப் போனால் டேட்டாபேஸில் தமிழ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற முழுக் கதையும் வந்துவிடும்.

டேட்டாபேஸுக்கு எழுத்து என்று ஒன்று தெரியாது, பைட்தான் தெரியும், அதாவது 0 முதல் 255 வரைக்குமான எண்கள். ஒவ்வோர் எழுத்து ஃபீல்டின் மேலும் 'இதற்குள் இருக்கும் பைட்களை இன்ன குறியாக்கத்தின்படி படிக்கவும்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். குறியாக்கம் என்றால் எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல். ஆஸ்கி என்ற பழைய அமெரிக்கத் தரத்தில் 128 இடங்கள். ஆங்கிலமும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அதற்குள் அடங்கிவிடும், பிற்பாடு வந்த குறியாக்கங்களில் பெரும்பாலானவை அந்த 128ஐ அப்படியே வைத்துக்கொண்டன, அதனால் சீட்டு தப்பாக ஒட்டியிருந்தாலும் ஆங்கிலம் கெடாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு 'எல்லாம் ஓடுகிறது' என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இத்தனை பேர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்குக் கொடுத்திருக்கும் இடம் பதினாறடிமான எண்ணில் (9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளையும் இலக்கமாக எண்ணும் முறை) 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. இது எழுத்தின் வரிசை எண் மட்டும்தான்; அதைப் பைட்டாக எப்படி அடுக்குவது என்பதற்கு யுடிஎஃப்-8. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் வரைந்து முடித்தது அது. அதன் கணக்குப்படி தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஈ0. இரண்டாவது, ஏஈ அல்லது ஏஎஃப், இரண்டில் ஒன்று. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்லும். 'த' என்றால் ஈ0 ஏஈ ஏ4, புள்ளி என்றால் ஈ0 ஏஎஃப் 8டி.

இப்போது இந்தப் பைட்களை மேற்கு ஐரோப்பாவுக்கான விண்டோஸ்-1252 என்ற பழைய குறியாக்கத்தின்படி யாராவது படித்தால்? அதில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. ஈ0 என்பது சாய்கோடு போட்ட 'ஏ', ஏஈ என்பது வட்டத்துக்குள் 'ஆர்'. நான் பார்த்த கோலத்தின் ரகசியம் இவ்வளவுதான். தெலுங்குக்கு வேறு ஜோடி வரும், சிங்களத்துக்கு வேறு. பழகிவிட்டால் குப்பையைப் பார்த்தே எந்த மொழிக் குப்பை என்று சொல்லிவிடலாம். (இதை ஒரு திறமை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

ஆனால் விண்டோஸ்-1252இல் ஐந்து ஓட்டைகள் உண்டு. 81, 8டி, 8எஃப், 90, 9டி, இந்த ஐந்து எண்களுக்கும் அதில் எழுத்தே கிடையாது. தமிழில் மூன்றாவது பைட்டாக இவை எங்கே வருகின்றன என்று பாருங்கள்: 8டியில் முடிவது புள்ளி, 81இல் முடிவது உகரக் குறி, 8எஃப்பில் 'ஏ', 90இல் 'ஐ' (ஓம் குறியும் 90தான், அது யார் பெயரிலும் வராது). 9டி மட்டும்தான் நம்மைத் தொடாமல் போகிறது. ஏதோ ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் நிரப்பாமல் விட்ட காலி இடங்கள், தமிழில் ஒரு வரி எழுதினாலே நாலு தடவை வரும் புள்ளியின் மேலும் உகரத்தின் மேலும் போய் உட்கார்ந்திருக்கின்றன. பைத்தான் 'இடமில்லை' என்று நின்றது இந்த ஓட்டையைப் பார்த்துத்தான். நான் அதன் வாயை அடைத்தேன், அது 8டிக்கும் 81க்கும் ஒரே கேள்விக்குறியைப் போட்டது, இரண்டும் ஒன்றாகிப் போனபிறகு வேலு எது, வேல் எது என்று எந்த நிரலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சங்கத்தின் டேட்டாபேஸ் ஓடியது மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருளில். அதில் ஒரு விசேஷம்: அது 'லத்தீன்-1' என்று அழைப்பது உண்மையில் விண்டோஸ்-1252தான், ஆனால் அந்த ஐந்து ஓட்டைகளையும் அதே எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறிகளால் அடைத்து வைத்திருக்கிறது. அதனால் அவிழ்க்கும் வேலையை மைஎஸ்க்யூஎல்லுக்கு உள்ளேயே செய்திருந்தால் ஒரு புள்ளிகூடப் போயிருக்காது. கோப்பை வெளியே எடுத்துக்கொண்டுபோய்ச் செய்ததுதான் என் தப்பு.

சரி, பழைய இணையதளத்தில் மட்டும் எப்படி இத்தனை வருடம் ஒழுங்காகத் தெரிந்தது? எனக்கு இதுதான் முழு விஷயத்திலும் முக்கியமான இடமாகப் படுகிறது. டேட்டாபேஸோடு ஒரு நிரல் பேசத் தொடங்கும்போது, 'நான் அனுப்புவது இன்ன குறியாக்கம்' என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் டேட்டாபேஸ் தன் இயல்புநிலையை எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் ஸ்வீடனின் உப்சாலாவில் பிறந்தது. அதனால் அதன் இயல்பு லத்தீன்-1, வரிசைப்படுத்துவது ஸ்வீடிஷ் முறை. 2018இல் அதன் 8.0 பதிப்பு வெளிவரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது, அதாவது உலகத்தில் பாதிப்பேர் தங்கள் ஊர்க் கடைக் கணக்கை ஸ்வீடிஷ் அகரவரிசையில் வைத்திருந்தார்கள். சங்கத்தின் பழைய நிரல் யுடிஎஃப்-8 பைட்களை அனுப்பியது, ஆனால் எதையும் அறிவிக்கவில்லை. டேட்டாபேஸ் 'ஓ, லத்தீன்-1 போலிருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு, லத்தீன்-1 சீட்டு ஒட்டிய ஃபீல்டில் அப்படியே வைத்துக்கொண்டது. திரும்பக் கேட்கும்போது அதே பைட்களை அதே தப்பான பெயரில் கொடுத்தது. பிரவுசர் அதை யுடிஎஃப்-8 என்று படித்தது. போகும்போது ஒரு பொய், வரும்போது ஒரு பொய், இரண்டும் கழிந்து திரையில் சுத்தமான தமிழ்.

இந்த ஏற்பாடு அந்த இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும் ஓடும். மூன்றாவதாக நேர்மையான ஓர் ஆள் உள்ளே வந்ததும் கவிழும். டம்ப் எடுக்கும் கருவி அப்படி ஓர் ஆள். அது யுடிஎஃப்-8தான் தன் மொழி என்று முறையாக அறிவித்துக்கொண்டு கேட்கும். டேட்டாபேஸும் முறையாக, 'என்னிடம் இருப்பது லத்தீன்-1, உனக்கு மாற்றித் தருகிறேன்' என்று ஏற்கெனவே யுடிஎஃப்-8 ஆக இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக நினைத்து மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக்கும். இரட்டைக் குறியாக்கம். தப்பு செய்தவர் என்றைக்கோ போய்விட்டார், சரியாகச் செய்தவர் தலையில் பழி. நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: திரையில் தமிழ் தெரிகிறது என்பது டேட்டாபேஸில் தமிழ் இருப்பதற்குச் சாட்சி அல்ல.

சாட்சி வேண்டுமென்றால் எண்ணிப் பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு நீளங்கள் கேட்கலாம், எழுத்து நீளம் ஒன்று, பைட் நீளம் ஒன்று. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்றெழுத்து, ஆனால் யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. எழுத்து நீளம் 5, பைட் நீளம் 15 என்று வந்தால் உள்ளே உண்மையான தமிழ் இருக்கிறது. 15, 15 என்று வந்தால் லத்தீன்-1 ஃபீல்டில் யுடிஎஃப்-8 ஒளிந்திருக்கிறது. 15, 30 என்றால் இரட்டைக் குறியாக்கம். 5, 5 என்றால் உள்ளே இருப்பது ஐந்து கேள்விக்குறிகள், கதை முடிந்தது, பேக்கப்பைத் தேடுங்கள். எந்தத் திரையையும் நம்பத் தேவையில்லை, எந்த எழுத்துருவும் வேண்டாம், இணைப்பு எப்படி இருந்தாலும் இந்த எண்கள் மாறாது. இன்னும் சந்தேகம் என்றால் பதினாறடிமானத்தில் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஈ0ஏஈ என்று தொடங்கினால் நலம், சி3ஏ0 சி2ஏஈ என்று தொடங்கினால் இரட்டை.

கேள்விக்குறி ஏன் தீராத நோய் என்றால், அது தவறாகப் படித்ததால் வருவது இல்லை, தவறாக எழுதியதால் வருவது. நிரல் யுடிஎஃப்-8 என்று ஒழுங்காக அறிவித்து, ஃபீல்டு மட்டும் லத்தீன்-1 ஆக இருந்தால், டேட்டாபேஸ் 'த' என்ற எழுத்துக்கு லத்தீன்-1இல் இடம் தேடும், இல்லை, அதனால் ஒரு கேள்விக்குறியை எழுதி வைத்துவிடும். கண்டிப்பான பயன்முறையில் இருந்தால் பிழை என்று திருப்பி அனுப்பும், மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பு முதல் அந்தக் கண்டிப்புதான் இயல்புநிலை. சில ஹோஸ்டிங்குகளில் பழைய நிரல் ஓட வேண்டும் என்பதற்காக அதை அணைத்து வைத்திருப்பார்கள். பிழைச் செய்தி தொந்தரவு என்று அணைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு என் வேலு, வேல் போதும்.

மருந்து என்று பார்த்தால், 15, 15 நோய்க்கு ஃபீல்டை முதலில், வெறும் பைட்களாக மட்டும் வைத்துக்கொள்ளும் பைனரி வகைக்கு மாற்ற வேண்டும். அப்போது சீட்டு மட்டும் கழன்று விழும், பைட் ஒன்றும் அசையாது. அப்புறம் யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8க்கு இதுதான் பெயர்) எழுத்து வகைக்கு மாற்றினால் புதுச் சீட்டு ஒட்டிக்கொள்ளும். இந்த நடு நிறுத்தம் இல்லாமல் நேராக மாற்றினால் டேட்டாபேஸ் தன் கடமையைச் செய்து எல்லாவற்றையும் இரட்டையாக்கிவிடும். 15, 30 நோய்க்குத் தலைகீழ் வழி: லத்தீன்-1 ஆக மாற்று, அதைப் பைனரி என்று பாவி, அதை யுடிஎஃப்8எம்பி4 என்று படி. மூன்றையும் ஒரே கட்டளையில் எழுதலாம். ஆனால் ஒரே டேபிளில் பாதி வரிகள் நலமாகவும் பாதி இரட்டையாகவும் இருப்பது சகஜம், ஏனென்றால் நடுவில் யாரோ ஒருநாள் இணைப்பைச் சரிசெய்திருப்பார்கள். நலமாக இருக்கும் வரிக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் அது கேள்விக்குறியாகிச் செத்துவிடும். சி3ஏ0 என்று தொடங்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, நகலில் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் அசலைத் தொடுங்கள்.

யுடிஎஃப்8எம்பி4 என்ற விநோதப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று இருப்பது முழு யுடிஎஃப்-8 கிடையாது. எழுத்துக்கு நாலு பைட் வரைக்கும் போகலாம் என்பது தரம். அவர்கள் மூன்றோடு நிறுத்திவிட்டார்கள். தப்பு புரிந்தபோது பழைய பெயரை மாற்றினால் உலகம் உடையும் என்று, 2010இல் 5.5.3 பதிப்பில் புதுப் பெயரில் உண்மையான யுடிஎஃப்-8ஐக் கொண்டுவந்தார்கள். தமிழுக்கு மூன்று பைட் போதும் என்பதால் நம் ஆட்கள் பலருக்கு இந்தக் குறை வருடக்கணக்கில் தெரியவே இல்லை. இமோஜி வந்தபிறகுதான் தெரிந்தது. நாலு பைட் இமோஜியைப் பார்த்ததும் பழைய மைஎஸ்க்யூஎல் அந்த இமோஜியை மட்டும் விட்டுவிடாது, அது தொடங்கும் இடத்திலிருந்து மிச்சம் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிடும். 'வாழ்த்துகள்' என்று எழுதி ஒரு பூ வைத்து அதற்குக் கீழே நாலு பத்தி எழுதினால் வாழ்த்துகள் மட்டும் மிஞ்சும். இப்படி வாசகம் பாதியில் வெட்டுப்படுவதையே ஆயுதமாக்கி, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் இணையதளங்களுக்குள் தீய நிரலை நுழைக்க வழி இருந்தது. 2015 ஏப்ரலில் அவசரமாக ஒரு பாதுகாப்புத் திருத்தம் விட்டு அடைத்தார்கள். அதே மாதம் வந்த 4.2 பதிப்பில் வேர்ட்பிரஸ் யுடிஎஃப்8எம்பி4க்கு மாறியது. பழைய டேபிள்களில் ஃபீல்டின் நீளமாக 191 என்ற விசித்திர எண்ணைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதன் வால்தான்: சீக்கிரம் தேடுவதற்கான குறியீட்டு அட்டவணைக்கு (இண்டெக்ஸ்) அன்றைக்கு 767 பைட்தான் எல்லை, எழுத்துக்கு நாலு பைட் என்று வகுத்தால் 191.

தமிழுக்கு மூன்று பைட் போதும் என்றேனே, அதுவும் இப்போது முழு உண்மை இல்லை. 2019இல் வந்த யூனிகோடு 12.0இல் தமிழ்ப் பின்ன எண்கள், பழைய அளவைக் குறிகளெல்லாம் தனியாக ஒரு தொகுதியில் சேர்ந்தன. முந்திரி, காணி, மா என்று பாட்டன் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் அந்தக் குறிகள் ஒவ்வொன்றும் நாலு பைட். கல்வெட்டோ பழைய கணக்கோ பதிவேற்றுகிறவர்களுக்கு மூன்று பைட் பெட்டி உதவாது.

நீளக் கணக்கையும் இதோடு சொல்லிவிடுகிறேன். 'பாலசுப்பிரமணியன்' நம் கணக்கில் பத்தெழுத்து, யூனிகோடில் 16, யுடிஎஃப்-8இல் 48 பைட். டேட்டாபேஸ் மென்பொருள்களில் மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் ஃபீல்டின் நீளத்தை யூனிகோடு எண்ணிக்கையில் பார்க்கின்றன, ஆரக்கிள் நீங்கள் வேறு சொல்லாவிட்டால் பைட்டில் பார்க்கும். பெயருக்கு 30 தாராளம் என்று வைத்த ஆரக்கிள் டேபிளில் பாலசுப்பிரமணியனால் நுழைய முடியாது. எஸ்க்யூஎல் சர்வரில் வேறு வம்பு: என்வார்கார் என்று யூனிகோடு ஃபீல்டு வைத்திருந்தாலும், கட்டளைக்குள் நேரடியாக எழுதும் தமிழ் வாசகத்துக்கு முன்னால் 'என்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடாவிட்டால் ஃபீல்டுக்குப் போய்ச் சேரும் முன்பே கேள்விக்குறியாகிவிடும். போஸ்ட்கிரெஸ் இதிலெல்லாம் கண்டிப்பான வாத்தியார், யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டு ஒரு பைட் பிசகினாலும் உள்ளே விடாது. எனக்குப் பிடித்ததும் அதனால்தான். ஆனால் அதிலும் எஸ்க்யூஎல்-ஆஸ்கி என்று ஒரு புழக்கடைக் கதவு இருக்கிறது, அதைத் திறந்து வைத்தால் யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் கேட்காது.

இதெல்லாம் யூனிகோடு வந்தபிறகான தொல்லைகள். அதற்கு முந்திய தொல்லை தனி ரகம், இன்னும் தீரவில்லை. தஸ்கி, டாப், டாம் என்று ஒரு காலத்தில் குறியாக்கங்கள் இருந்தன. டாமும் டாபும் 1999இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றவை. இலங்கைத் தமிழர்களிடம் பரவியது பாமினி என்ற எழுத்துரு. பாமினியில் குறியாக்கம் என்றே ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மட்டும் தமிழ் முகமூடி போட்டிருக்கும். 'தமிழ்' என்பது அதில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. டேட்டாபேஸுக்கு இது அப்பழுக்கற்ற ஆஸ்கி, எண்ணிப் பார்த்தால் 5, 5, எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது.

ஆனால் விளைவுகளைப் பாருங்கள். பாமினியில் 'இ' என்பது காற்புள்ளி. முகவரியின் கடைசியில் 'இலங்கை' என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும், காற்புள்ளியால் பிரித்த கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது, இலங்கையின் தலையில் உடைந்து ஒரு கட்டம் தள்ளிப்போகும். 'ஈ' என்பது கோணக் குறி. வலைப்பக்கக் குறிகளைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு நிரல் வந்தால் 'ஈ'யை வலைக் குறியின் தொடக்கம் என்று நினைத்து அங்கிருந்து விழுங்கிவிடும். சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காத டேட்டாபேஸுக்கு அகரமும் ஆகாரமும் ஒன்று. பெயர்களையெல்லாம் அழகாகப் பெரிய எழுத்தில் மாற்றுகிறேன் என்று யாராவது ஒரு கட்டளை கொடுத்தால் ஊரே வேறு பெயர் பூண்டுகொள்ளும். இந்த மாதிரித் தரவைப் பார்த்தால் முதல் வேலை, எந்த எழுத்துருவில் தட்டியது என்று கண்டுபிடித்து, மாற்றியதைப் புது ஃபீல்டில் வைத்து, பழைய ஃபீல்டை அழிக்காமல் விடுவதுதான். நான் கோப்பின் மேலேயே எழுதியவன், அதனால் சொல்கிறேன்.

இவ்வளவும் சரிசெய்து எல்லாமே சுத்தமான யுடிஎஃப்8எம்பி4 ஆகிவிட்டது, இனித் தேடினால் கிடைக்குமா? கிடைக்காமலும் போகும். 'கோ' என்பதை க, ஓகாரக் குறி என்று இரண்டாக எழுதலாம். க, ஏகாரக் குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் 6, 9. பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் முறையில் ஒரே கோபால் இரண்டு உறுப்பினர் ஆகிவிடுவார், 'தனித்துவம்' என்று போட்ட கட்டுப்பாடும் தடுக்காது. இதற்கு யூனிகோடே மருந்து வைத்திருக்கிறது, என்எஃப்சி என்ற சீர்படுத்தல். உள்ளே எழுதும் முன்னும் தேடும் முன்னும் அதன் வழியாக அனுப்பினால் இரண்டும் ஒன்றாகும். அந்த மருந்துக்கும் அடங்காதவை உண்டு. 'ஔ' என்பதற்குப் பதில் ஒ, ள என்று இரண்டெழுத்தைத் தட்டுகிறவர்கள் நிறைய, அதை எந்தச் சீர்படுத்தலும் சேர்க்காது, யூனிகோடின் கண்ணில் அது ஔ இல்லை, ஒகரமும் ளகரமும்தான்.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரக் கள்ளன் ஸ்ரீ. ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். ஸ்ரீ, ஶ்ரீ என்று இங்கே இரண்டு விதமாகவும் தட்டியிருக்கிறேன், பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டுக்கும் 12 பைட், எண்ணியும் பிடிக்க முடியாது. ஒரு விசைப்பலகை ஒன்றைத் தரும், இன்னொன்று மற்றதைத் தரும். ஸ்ரீரங்கம் என்று தேடினால் பாதிப்பேர் வருவார்கள், மீதிப் பாதி எங்கே என்று கேட்டால் 'அவர்கள் ஊரே வேறு' என்று டேட்டாபேஸ் சொல்லும். நான் இதற்குச் செய்வது எளிது: தேடுவதற்கென்றே இன்னொரு ஃபீல்டு வைத்து, அதில் ஶவை ஸ ஆக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுக் குறிகளையெல்லாம் நீக்கி வைத்துவிடுவேன், தேடுகிற சொல்லுக்கும் அதே வேலை. அவரவர் தட்டிய பெயர் அவரவர் தட்டியபடியே அசல் ஃபீல்டில் இருக்கும்.

பட்டியல் ஒருவழியாகச் சரியாகி, அச்சடித்து செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "கணேசன் எப்படித் தம்பி கண்ணனுக்கு முன்னால வந்தான்?" என்றார். யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் அப்புறம் வருகிறது. அதனால் வெறும் எண் வரிசையில் அடுக்கினால் 'ணே' முந்தும், 'ண்' பிந்தும். நம் அகராதியில் மெய்தான் முதலில். அதே காரணத்தால் ஜெயராமன்கள் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள், நடு எழுத்தாக வரும் னகரம் பகரத்துக்கு முன்னால் போய்விட்டது. மைஎஸ்க்யூஎல்லில் தமிழுக்கென்று தனி வரிசைமுறை இல்லை. போஸ்ட்கிரெஸில் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற யூனிகோடு நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைக் கேட்டு வாங்கலாம், அதில் மெய் முன்னால் வரும். அந்த வாரம் டேட்டாபேஸையே மாற்றத் தெம்பில்லாமல், வரிசைப்படுத்த மட்டும் ஒரு சின்ன நிரல் எழுதி, பட்டியலை மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். கண்ணன், அப்புறம் கணேசன். 214ஆம் நம்பருக்கு எதிரே 'வேல்' என்றிருந்ததைச் செயலாளர் பேனாவால் அடித்து 'வேலு' என்று எழுதினார்.